மூன்று கிண்ணம் பட்டாணி

பால் கொண்டுவந்து ஊற்றியவர்கள் யாருக்கும் ராஸ்மாவைப் பிடிக்காது. எங்கள் ஊர்ப் பால் பண்ணையில் இருபத்தெட்டு வருஷம் பரிசோதனை மேசையில் இருந்தவள் அவள். அடுத்த மேசை என்னுடையது. கேனைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பாள். பிறகு கரண்டியால் கலக்கி, பால்மானியை மிதக்க விட்டு, குனிந்து ஒற்றைக் கண்ணால் அளவைப் பார்ப்பாள். அளவு சரியாக இருந்தாலும் விடமாட்டாள்.

"நேத்து நல்ல மழை. மழையில உன் மாடு நின்னுச்சா, கேன் நின்னுச்சா?"

நேர்மையானவனுக்கும் அந்தக் கேள்வியில் முகம் சிவந்துவிடும். முகம் சிவந்தால் இன்னொரு தரம் சோதிப்பாள்.

வீட்டிலும் அப்படித்தான். எல்மார்ஸ் மீன் வாங்கி வந்தால் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் பையை வாங்குவாள். எல்மார்ஸ் அவள் புருஷன், டிராக்டர் மெக்கானிக், சிரித்த முகம். "கல்யாணத்துக்கு முன்னாடி என் பல்லைக்கூட எண்ணிப் பாத்தா, மைகா" என்பான் என்னிடம். ராஸ்மா மறுக்கமாட்டாள்.

உலகத்தில் ஒரே ஒரு ஆளின் பேச்சை மட்டும் அவள் சோதித்ததில்லை. அவளுடைய அம்மா லவீசே. கூட்டுப்பண்ணை மாட்டுத்தொழுவத்தில் முப்பது வருஷம் பால் கறந்தவள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் இறந்துபோனாள். ராஸ்மாவுக்கு அப்பாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னதுதான். அப்பா பெயர் அன்சிஸ், தச்சர். நாற்பத்து நாலு அக்டோபரில், ஜெர்மன்காரர்கள் ஊர் ஆண்களையெல்லாம் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டிருந்தபோது, யூர்கால்னே கரையிலிருந்து ராத்திரிப் படகில் சுவீடனுக்குப் புறப்பட்டார். படகு கவிழ்ந்து மூழ்கிப்போனார். பதிவேட்டிலும் அப்படியே எழுதியிருந்தது. அப்போது ராஸ்மாவுக்கு இரண்டரை வயது.

ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் சாம்பல் நிறப் பட்டாணியை வேகவைக்கும்போது லவீசே சொல்வாளாம்: "உங்கப்பா ஒரே வேளையில மூணு கிண்ணம் சாப்பிடுவாரு. நாலாவது கிண்ணத்துக்குத்தான் கொஞ்சம் வெக்கப்படுவாரு." அப்பா என்றால் ராஸ்மாவின் மனதில் வருவது முகம் இல்லை, மூன்று காலிக் கிண்ணங்கள்தான்.

தொண்ணூற்றிரண்டு ஏப்ரலில் சுவீடன் தபால்தலை ஒட்டிய கடிதம் ஒன்று வந்தது. அதைப் பண்ணைக்குக் கொண்டுவந்து என் மேசையில் போட்டாள்.

"படி."

படித்தேன். தன் பெயர் அன்சிஸ் என்றும், காட்லாண்ட் தீவில் இருப்பதாகவும், எழுபத்தெட்டு வயதாகிறது என்றும், தன் மகளை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார்.

"அடியே, உங்கப்பா!"

"அவர் செத்து நாப்பத்தெட்டு வருஷம் ஆகுது. அந்த எழுத்தைப் பாரு. இந்தக் காலத்துல எவன் இப்படி எழுதுறான்?"

எழுத்துக்கூட்டல் போருக்கு முந்தைய மாதிரி இருந்தது. எங்கள் பாட்டன் காலத்துப் பஞ்சாங்கங்களில் அப்படித்தான் இருக்கும். "போருக்கு முன்னாடி பள்ளிக்கூடம் போனவர் அப்படித்தானே எழுதுவாரு?" என்றேன்.

"போருக்கு முன்னாடி பள்ளிக்கூடம் போன மாதிரிக் காட்டிக்க நெனைக்கிறவனும் அப்படித்தான் எழுதுவான்."

அவளைக் குறை சொல்ல முடியாது. ரஷ்யர்களிடமிருந்து நாடு விடுதலையாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரஷ்யர்கள் பிடுங்கிய நிலத்தையும் வீட்டையும் பழைய சொந்தக்காரர்களுக்கே திருப்பித் தரும் சட்டம் வந்திருந்தது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கையில் மஞ்சளேறிய காகிதத்தோடு வரிசை. பக்கத்து ஊரில் கனடாவிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வீட்டு வாசலில் நின்று கண்ணீர் விட்டார், படம் எடுத்துக்கொண்டார், ஆறு மாதத்தில் வக்கீல் கடிதம் அனுப்பினார். ராஸ்மா குடியிருந்த வீடு அன்சிஸ் பேரில் இருந்தது. விதோலி என்று பெயர். பின்னால் பன்னிரண்டு ஹெக்டேர், அதில் பாதி பைன் காடு. செத்துப்போன அன்சிசின் மகளாக அவள் விண்ணப்பம் கொடுத்திருந்தாள். அன்சிஸ் உயிரோடு இருந்தால் அந்த விண்ணப்பம் வெறும் காகிதம்.

பதில் எழுதினாள். "அன்று வீட்டில் எத்தனை மாடு, பேர் என்ன?" என்பது மட்டும்தான் அதில் இருந்தது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. இரண்டு மாடு, ஒன்றின் பேர் ஸீமால்யா, மற்றதன் பேர் மறந்துவிட்டது.

"சரியா சொல்லிட்டாரே!" என்றேன்.

"ஸீமால்யாங்கற பேர்ல எல்லா வீட்லயும் ஒரு மாடு இருந்துச்சு. மத்தது மறந்துபோச்சாம். எனக்கு அந்த மத்ததுதான் வேணும்."

ஆனாலும் வரவேண்டாம் என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. ஒருவேளை உண்மையாக இருந்தால்? கோடை முழுவதும் அதே பேச்சு. கடைசியில் செப்டம்பர் முடிவில் ஒரு சனிக்கிழமை அவர் வருவதாக முடிவானது. அந்த வாரம் ராஸ்மா என்னிடம் சொன்னாள்: "அம்மா செய்யிற மாதிரியே சமைக்கப்போறேன். அதே பட்டாணி, அதே கேரட் அப்பம். நீயும் வந்து உக்காரு. நான் பரிமாறும்போது மூஞ்சியைப் பாக்க முடியாது. நீ பாரு."

"நான் என்ன போலீசா?"

"உனக்கும் சாப்பாடு உண்டு."

சனிக்கிழமை காலையில் நான் போனபோது பட்டாணி ஏற்கெனவே அடுப்பில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே ஊறப்போட்டுவிட்டாள். கல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் போட்டிருப்பாள். எல்மார்ஸ் இறைச்சியைப் புகையில் பதப்படுத்தும் அறையிலிருந்து பன்றி இறைச்சித் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அதன் கொழுப்பைச் சின்னச் சின்னதாக நறுக்கி, வெங்காயத்தோடு வதக்கினாள். சமையலறை முழுக்க அந்த வாசனை. நான் ரை தானிய மாவைப் பிசைந்து, உள்ளங்கை அளவு வட்டமாகத் தட்டி, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளிச் சுவர் எழுப்பினேன். அடியில் மசித்த உருளைக்கிழங்கு, மேலே முட்டையும் புளித்த கிரீமும் கலந்த கேரட் மசியல், அதன்மேல் ஒரு சிட்டிகை சீமைச்சோம்பு.

"ஓரம் பன்னெண்டு மடிப்பு வரணும்" என்றாள் ராஸ்மா. "அம்மா பன்னெண்டுதான் வைப்பா."

"வர்றவர் மடிப்பை எண்ணப்போறாரா?"

"எண்ணினா என்ன பண்ணுவே?"

பட்டாணியை ஒன்று எடுத்து நசுக்கிப் பார்த்தாள். தோல் கிழியாமல் உள்ளே வெந்திருக்க வேண்டும். மறுபடி ஒன்று. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எட்டுத் தடவை நசுக்கினாள்.

பதினொன்றரை மணி பஸ்சில் அவர் வந்து இறங்கினார். உயரமான, ஒல்லியான கிழவர். வெளிர் நிற மழைக்கோட்டு, தொப்பி, எங்கள் ஊர்ச் சேற்றுக்கு ஆகாத மெல்லிய செருப்பு. கையில் சின்னப் பெட்டி ஒன்று. எல்மார்ஸ் ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டு, "வாங்க மாமா!" என்றான். ராஸ்மா அவனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துபோயிருக்கும்.

"வணக்கம். வழி தெரிஞ்சுதா?" என்றாள் அவரிடம். வாசலைவிட்டு நகரவில்லை.

"தெரிஞ்சுது. ரோடுதான் எடம் மாறிப்போச்சு" என்றார் அவர். அவளுடைய முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் வீட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு மழைக்கோட்டுப் பையிலிருந்து ஒரு மடக்கு அளவுகோலை எடுத்து, ஜன்னல் சட்டத்தில் மூலைக்கு மூலை வைத்து அளந்தார். பக்கத்து ஜன்னலையும் அளந்தார்.

ராஸ்மா என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "பாத்தியா? வீட்டுக்குள்ள கால்கூட வைக்கல. அளக்க ஆரம்பிச்சுட்டான்."

"ஜன்னலைத்தானே அளக்குறாரு."

"கனடாக்காரன் படம் எடுத்தான். இவன் அளக்குறான்."

எல்லாரும் மேசையில் உட்கார்ந்தோம். அவர் காபிப் பொட்டலம் ஒன்றும் ஆரஞ்சுப் பழம் நாலும் வைத்தார். ராஸ்மா நன்றி சொல்லி, பொட்டலத்தைப் புரட்டித் தேதியைப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள். பெரிய கிண்ணம் நிறையப் பட்டாணி போட்டு, மேலே இறைச்சியும் வெங்காயமும் தாராளமாகக் கொட்டி, பக்கத்தில் ஒரு குவளை தயிர் வைத்து, அவர் முன்னால் நகர்த்தினாள்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பட்டாளத்தில் எவனும் விரும்பாத வேலை தன் தலையில் விழுந்தவன் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

"அம்மா செய்யிற மாதிரியே செஞ்சிருக்கேன்" என்றாள் ராஸ்மா.

"தெரியுது" என்றார் அவர். கரண்டியை எடுத்தார். மெதுவாகச் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தயிர். இறைச்சித் துண்டுகளைத் தேடித் தேடி எடுத்தார். முக்கால்வாசி முடிந்ததும் கரண்டியை வைத்தார். கரண்டி மேசையில் படுவதற்குள் ராஸ்மா இன்னொரு அகப்பை போட்டுவிட்டாள்.

"சாப்பிடுங்க. வெக்கப்படாதீங்க."

"நல்லா இருக்கு. நெறைய சாப்பிட்டேன்."

"ஒரு கிண்ணம்கூட முடியலையே! எங்கப்பா மூணு கிண்ணம் சாப்பிடுவாரு."

அவர் எல்மார்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. மறுபடி கரண்டியை எடுத்தார். இரண்டாவது கிண்ணத்தில் பாதி வரை போனார். அதற்குமேல் அவருடைய தொண்டை ஒத்துழைக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. ராஸ்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அப்பம் எடுக்கிற சாக்கில் இருவரும் சமையலறைக்குப் போனோம்.

"இந்த ஆள் அவர் இல்ல" என்றாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தாலும் கண் பளபளத்தது. "ஒண்ணரை கிண்ணம்! அதுவும் நான் வற்புறுத்தி."

"எழுபத்தெட்டு வயசுடி. வயித்துல எடம் வேண்டாமா?"

"வயசானா கொறைச்சுச் சாப்பிடுவாங்க. இப்படி மருந்து முழுங்குற மாதிரியா சாப்பிடுவாங்க? பட்டாணியைப் பாத்தப்ப மூஞ்சி எப்படி இருந்துச்சு? உண்மையைச் சொல்லு."

"சந்தோஷமா இல்ல" என்றேன்.

அந்த நேரத்தில் வாசல் கதவு படாரென்று திறந்தது. பக்கத்துப் பண்ணை மிக்கேலிஸ் கிழவர். எண்பத்தொரு வயது, கையில் கோல். அன்சிசோடு நேரில் பழகியவர்களில் ஊரில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவர்தான். ஆளை வந்து பார்த்து அடையாளம் சொல்லும்படி ராஸ்மா முன்பே கேட்டிருந்தாள். "எனக்குக் கண்ணு தெரியாது, அந்த வேலைக்கெல்லாம் வரமாட்டேன்" என்று சொல்லியிருந்தார். இப்போது வந்து நின்று, மேசையிலிருந்த கிழவரைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"டேய் அன்சிஸ்" என்றார். "என் ரம்பம் எங்கடா?"

வந்தவர் எழுந்து நின்றார். "எந்த ரம்பம்?"

"எந்த ரம்பமா? ரெண்டாள் ரம்பம். எங்கப்பா வாங்கினது. நாப்பத்து மூணு டிசம்பர்ல ரெண்டு நாளைக்குன்னு வாங்கிட்டுப் போனே."

அவர் தலை குனிந்தார். "ஒடஞ்சுபோச்சு, மிக்கேல். ஆணி இருந்த மரத்துல போட்டுட்டேன். உன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. குளியல் குடிசைத் தரைக்குக் கீழ பொதைச்சு வச்சிட்டேன்."

"அதான் பாத்தேன். நீ ஊரைவிட்டு ஓடினது ஜெர்மன்காரனுக்குப் பயந்துன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் நம்பல" என்று சொல்லிக்கொண்டே மிக்கேலிஸ் உட்கார்ந்து, மீதியிருந்த அரைக்கிண்ணம் பட்டாணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எல்மார்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான். ராஸ்மா சிரிக்கவில்லை. அப்பத் தட்டைப் பிடித்தபடி கதவோரம் நின்றாள். ஒரு சந்தேகம் தீர்ந்தவள் முகமாக அது இல்லை, ஒன்று போய் நாலு வந்தவள் முகமாக இருந்தது.

"அப்ப பட்டாணி?" என்று கேட்டாள். "மூணு கிண்ணம்?"

அன்சிஸ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பட்டாணி ஆகாது. கல்யாணமான மொத வாரம் லவீசே ஆசையா செஞ்சு வச்சா. புதுப் பொண்டாட்டி, எப்படி வேணாம்னு சொல்றது? சாப்பிட்டேன். புடிச்சிருக்கான்னு கேட்டா. புடிச்சிருக்குன்னேன். அதுக்கப்புறம் நாலு வருஷம் வாராவாரம். மூணு கிண்ணம் சாப்பிட்டது நெசம். சட்டி சீக்கிரம் காலியாகட்டும்னு சாப்பிட்டேன்."

"அவங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"லவீசேகிட்டயா?" என்றார் அவர். மிக்கேலிஸ் வாய் நிறையப் பட்டாணியோடு தலையை ஆட்டினார். "அவகிட்ட யாரு சொல்றது?"

ராஸ்மா தட்டை வைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். பரிசோதனை மேசைக்குப் பின்னால் உட்காருகிற மாதிரி. "சரி. நீங்க அன்சிஸ்தான். இப்ப எதுக்கு வந்தீங்க?"

அவர் உள்பையிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்தார். முதலாவதை அவள் பக்கம் தள்ளினார். வீடும் நிலமும் தனக்கு வேண்டாம், எல்லாம் மகளுக்கே என்று சுவீடனில் ஒரு நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்திட்ட பத்திரம் என்றார்.

"சுவீடிஷ்ல இருக்கு. என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ரீகா நகரத்துக்கு அனுப்பி மொழிபெயர்த்து வாங்கிப் பாரு."

"பாக்கத்தான் போறேன்" என்று அதை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். "வீடு வேணாம்னா எதுக்கு ஜன்னலை அளந்தீங்க?"

"அந்தச் சட்டமெல்லாம் நான் அடிச்சது. ஐம்பது வருஷத்துல கோணியிருக்கான்னு பாத்தேன். ஒண்ணு கோணியிருக்கு."

இரண்டாவது காகிதத்தை எடுக்க அவருக்கு நேரமானது. ஐம்பத்தொன்றில் ஒரு பாதிரியார் முன்னால் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்ததன் நகல் அது. தன் மனைவி லவீசே நாற்பத்தைந்தில் குண்டுவீச்சில் இறந்துவிட்டாள் என்று எழுதியிருந்தார். அதைக் காட்டித்தான் அங்கே கிரேட்டா என்றொருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். லென்னார்ட் என்று ஒரு மகன். கிரேட்டா போன வருஷம் இறந்துபோனாள்.

"அவளும் போயிட்டா, இவளும் போயிட்டா. இந்தப் பொய்யை ஒத்துக்கறதுக்கு நீ ஒருத்திதான் இருக்கே. உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும்னு வந்தேன்."

அறையில் மிக்கேலிசின் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. ராஸ்மா அவர் கையில் மிச்சமிருந்த காகிதத்தைக் காட்டினாள். "மூணாவது?"

மூன்றாவது ஒரு கடித உறை. அவர் அனுப்பி, ஆளில்லை என்று திரும்பிப்போன கடிதம். "நான் எழுதாம இல்லை. அம்பத்தாறுல எழுதினேன். திரும்பி வந்துருச்சு."

இங்கேதான் ராஸ்மாவின் புத்தி விழித்தது. "அம்பத்தொண்ணுல செத்துட்டான்னு சத்தியம் பண்ணுனீங்க. செத்தவளுக்கு அம்பத்தாறுல எதுக்குக் கடுதாசி?"

அன்சிஸ் மேசைத்துணியின் மடிப்பை நீவினார். "செத்துட்டான்னு எழுதிக் குடுத்தேன். நானே நம்பல" என்றார்.

அவள் உறையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். முகவரியின் குறுக்கே ஊதா மையில், 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த அவள் கையைத் தாழ்த்தவே இல்லை. நான் எழுந்துபோய் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இது தபால்காரி எழுத்து இல்ல, மைகா" என்றாள். "அம்மா எழுத்து."

அன்சிஸ் திடுக்கிட்டு எழுந்தார். முப்பத்தாறு வருஷம் அந்த உறையைப் பத்திரமாக வைத்திருந்தவர், யார் எழுதியது என்று கவனித்ததில்லை. லவீசே எழுதி அவர் பார்த்ததே இரண்டு தரமோ மூன்று தரமோதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

ராஸ்மா உள்ளறைக்குப் போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தாள். நாற்பத்தாறில் லவீசே கிராம அலுவலகத்தில் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் அதில் இருந்தது. கணவர் அன்சிஸ், அக்டோபர் பதினோராம் தேதி கடலில் மூழ்கி இறந்தார், உடல் கிடைக்கவில்லை. அதை அவர் கையில் கொடுத்தாள்.

"பதினொண்ணாந்தேதியா?" என்றார் அவர். "பன்னெண்டாந்தேதி காலையில நான் காட்லாண்ட்ல காபி குடிச்சேன். அவளுக்குத் தகவலும் அனுப்பினேன். படகுக்காரன் வந்து சொல்லியிருப்பானே..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "நான் கெளம்பினப்ப புள்ளைக்கு மணல்வாரி அம்மை, காய்ச்சல் எறங்கினதும் அடுத்த படகுல வர்றேன்னா. அடுத்த படகு வந்து சேராமலே கரைக்குத் திரும்பிப் போயிருச்சுன்னு கேள்விப்பட்டேன்."

"படகுக்காரன் வந்து சொன்னான். எனக்கே தெரியும்" என்றார் மிக்கேலிஸ் மெல்ல. "வாயைத் தொறக்கக் கூடாதுன்னு லவீசே என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா."

எங்களுக்கெல்லாம் காரணம் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரஷ்யர்கள் ஆண்ட அந்தக் காலத்தில் அப்பா கடலில் செத்தவன் என்றால் அநாதைப் பிள்ளை. அப்பா சுவீடனில் இருக்கிறான் என்றால் எதிரியின் பிள்ளை. ஐம்பத்தாறில் ராஸ்மாவுக்குப் பதினாலு வயது, அடுத்த வருஷம் பால்வளத் தொழிற்பள்ளியில் சேர விண்ணப்பம் போட்டாள். வெளிநாட்டுக் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்ட வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்திருக்காது.

ராஸ்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அழுகிறாளோ என்று நினைத்தேன். உருளைக்கிழங்குக் கூடையை இழுத்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள், தோல் கழன்று வருகிற மாதிரி.

"என்னடி பண்றே?"

"ஒரு பொய்யா, ரெண்டு பொய்யா? இவர் சொன்னது ஒண்ணு. அவ சொன்னது எத்தனைன்னு இனிமே எப்படித் தெரிஞ்சுக்குவேன்? முப்பத்தேழு வருஷம் அவகூடவே இருந்தேன், மைகா. பட்டாணி வேகும்போது அவளே என்கிட்டச் சொல்லிட்டே இருந்தாளே." கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "ஊர்ல எல்லார் கேனையும் மோந்து பாத்தேன்."

ஈரக் கையை உதறிவிட்டு, கதவு வழியாகத் தலையை நீட்டி, கோபமாகவே கேட்டாள்: "என்னதான் சாப்பிடுவீங்க நீங்க?"

அவர் தயங்கினார். "உருளைக்கிழங்கு. தோலோட அவிச்சது. கூட உதிரிப் பால்கட்டி, உப்புப் போட்ட ஹெர்ரிங் மீன் இருந்தா..."

"அதுக்கு மொதல்லயே வாயைத் தொறந்திருக்கலாம்ல?"

பால்கட்டி வீட்டில் எப்போதும் உண்டு. எல்மார்ஸ் நிலவறைக்குப் போய் மீன் ஜாடியைக் கொண்டுவந்தான். ராஸ்மா மீனை அலசி, முள் எடுத்து, வெங்காயம் தூவினாள். பால்கட்டியில் புளித்த கிரீம் ஊற்றிக் கலந்தாள். ஆவி பறக்கும் கிழங்கைப் பெரிய தட்டில் குவித்து வைத்தாள். இந்தத் தடவை அவளே அவருக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சூட்டில் கையை மாற்றி மாற்றித் தோலுரித்தார். ஆறு கிழங்கு. யாரும் வற்புறுத்தவில்லை. ஆறாவதைச் சாப்பிடும்போது கண்ணில் நீர் வழிந்தது. அதையும் அவள் கவனித்தாள்.

"வெங்காயம் காரமா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றார் அவர்.

ஒன்பது நாள் இருந்தார். லவீசேயின் கல்லறைக்கு இருவரும் போனார்கள். என்ன பேசினார்கள் என்று ராஸ்மா என்னிடம் சொல்லவில்லை. பத்திரத்தை ரீகாவுக்கு அனுப்பி மொழிபெயர்த்து வாங்கினாள். அவர் சொன்னபடியேதான் இருந்தது. நம்பாமல் இன்னொருவரிடமும் கொடுத்துப் பார்த்தாள். தேவாலயப் பதிவேட்டையும் போய்ப் பார்த்தாள். குளியல் குடிசையின் தரைப்பலகையை எல்மார்ஸ் பெயர்த்தபோது துருப்பிடித்த இரும்பு இரண்டு துண்டாகக் கிடைத்தது. மிக்கேலிஸ் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷமே வீடு ராஸ்மா பேருக்கு வந்தது.

அதன் பிறகு அன்சிஸ் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வந்தார். வந்ததும் ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரிசெய்வார். அவளுக்கு அவரோடு கொஞ்சிப் பேசத் தெரியாது, அவருக்கும் அது தேவைப்படவில்லை. ஆனால் அவர் வருகிற வாரம் பண்ணையில் ஹெர்ரிங் நல்லதாக யாரிடம் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டே இருப்பாள். மூன்றாவது வருஷம் அவர் ஏணியில் நின்றபோது, "அப்பா, எறங்குங்க, அந்தப் படி உளுத்துப்போயிருக்கு" என்று அவள் கத்தியது என் காதில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு தரம் கத்தினாள். "காது நல்லாவே கேக்கும் அவருக்கு" என்றாள் என்னிடம். "ரெண்டாவது தடவை கேக்கறதுக்காக நடிக்கிறாரு."

தொண்ணூற்றேழு டிசம்பரில் அவர் தூக்கத்திலேயே இறந்துவிட்டதாக லென்னார்ட் தந்தி கொடுத்தான். மண்ணில் இறக்குவதை வசந்தம் வரை தள்ளிவைத்திருந்தார்கள். ராஸ்மாவும் எல்மார்சும் கப்பலேறிப் போனார்கள். வெளிநாட்டுக்கு அவள் போனது அந்த ஒரே தடவைதான்.

திரும்பி வந்ததும் பண்ணைக்கு வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"தம்பி நல்லவன்தான். வார்த்தைதான் புரியல. அவன் பொண்டாட்டி இருக்காளே, நான் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வந்தா. நான் அலமாரியைப் பாத்தா அவளும் அலமாரியைப் பாத்தா, அப்புறம் என்னைப் பாத்தா. நாங்க கெளம்பற அன்னைக்குக் கரண்டியை எண்ணினா. மறைச்சு மறைச்சுத்தான் எண்ணினா, எனக்குத் தெரியாதா?"

"ச்சே, என்ன பொம்பளை!"

ராஸ்மா பால்மானியைத் துடைத்து வைத்துக்கொண்டே சிரித்தாள். "இல்லடி. அந்த வீட்லயே எனக்குப் புடிச்சுப்போனது அவளைத்தான். அடுத்த கோடையில இங்க வரச் சொல்லியிருக்கேன்."